விடாத கால் எரிச்சல்: எங்கே, எப்போது, ஒரு காலா இரண்டு காலா?

ராத்திரி படுத்து அரை மணி நேரத்தில் போர்வையை உதறிவிட்டு, பாதத்தைச் சிமெண்ட் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் நம் வீடுகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கேட்டால் "கால் எரியுது" என்பார்கள். வீட்டில் உடம்புச் சூடு என்று விளக்கெண்ணெய் தேய்ப்பார்கள், மெடிக்கலில் "நரம்புச் சத்து மாத்திரை" கொடுப்பார்கள், ஒருவழியாக டாக்டரிடம் போனால் சுகர் பார்த்து, நரம்பு டெஸ்ட் எடுத்து, எல்லாம் நார்மல் என்று அனுப்பிவிடுவார்கள். எரிச்சல் மட்டும் அப்படியே இருக்கும். ரிப்போர்ட் நார்மல், கால் எரிகிறது, இதில் எதை நம்புவது என்ற குழப்பத்துக்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கால் எரிச்சல் என்பது ஒரு நோயின் பெயர் இல்லை, இருபதுக்கும் மேற்பட்ட நோய்களின் அறிகுறி. அதனால் "கால் எரிச்சலுக்கு என்ன மருந்து" என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. ஆனால் காரணத்தைத் தேடுவதற்கு ஒரு ஒழுங்கான வழி இருக்கிறது. அதற்குப் பெரிய ஸ்கேனைவிட, எரிகிற கால் யாருடையதோ அவர் சொல்லும் விவரம்தான் அதிகம் உதவும்.

எரிச்சல் எங்கிருந்து வருகிறது

காலில் இரண்டு விதமான உணர்ச்சி நரம்பிழைகள் ஓடுகின்றன. ஒன்று தடித்த இழை. மேலே கொழுப்புறை சுற்றியிருக்கும், செய்தியை நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில்கூடக் கடத்தும். தொடுதல், அதிர்வு, கால் எந்த நிலையில் இருக்கிறது என்கிற உணர்வு எல்லாம் இதன் வேலை. இன்னொன்று மெல்லிய இழை. பெரும்பாலானவற்றுக்கு உறையே கிடையாது, வேகம் நொடிக்குச் சுமார் ஒரு மீட்டர்தான். சூடு, வலி ஆகியவை இதன் வழியாகத்தான் மூளைக்குப் போகின்றன.

இந்த மெல்லிய இழை பழுதானால் சும்மா இருக்காது, தூண்டுதல் எதுவும் இல்லாமலே தானாகச் செய்தி அனுப்ப ஆரம்பிக்கும். வாசலில் யாரும் பட்டனை அழுத்தாமல், ஒயர் தேய்ந்ததால் அழைப்பு மணி அடித்துக்கொண்டே இருப்பது மாதிரி. மூளைக்கு ஒயர் கெட்டது தெரியாது, பாதம் நெருப்பில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் "எரியுது எரியுது" என்பவரின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தால் பல நேரம் ஜில்லென்று இருக்கிறது. உடம்பில் சூடு ஏறியதால் கால் எரிகிறது என்ற விளக்கம் இந்த இடத்தில் நிற்காது.

வழக்கமான வலி மாத்திரைகள் ஏன் கேட்பதில்லை என்பதும் இதிலிருந்தே புரியும். டைக்ளோஃபினாக் போன்றவை வீக்கத்தைக் குறைக்கிற மருந்துகள். இங்கே வீக்கம் இல்லை, பழுது நரம்பிலேயே இருக்கிறது. மாதக்கணக்கில் அவற்றை வாங்கிப் போட்டால் எரிச்சல் குறையாது, சிறுநீரகம்தான் கெடும்.

முதலில் பதில் தெரிய வேண்டிய மூன்று கேள்விகள்

1. ஒரு காலா, இரண்டு காலுமா? இரண்டு பாதமும் ஏறக்குறைய ஒன்றுபோல எரிந்தால் காரணம் உடம்பு முழுவதையும் பாதிக்கிற ஏதோ ஒன்று: சர்க்கரை, சத்துக் குறைவு, மருந்து, மது. ஒரு காலில் மட்டும் என்றால் அந்தக் காலுக்கு வரும் நரம்போ ரத்தக் குழாயோ எங்கோ ஓரிடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

2. எங்கே தொடங்கியது, எப்படிப் பரவுகிறது? விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறுவது வேறு, இடுப்பில் தொடங்கிக் கீழே இறங்குவது வேறு, தொடையில் ஒரு திட்டாக நிற்பது வேறு.

3. எப்போது கூடுகிறது, என்ன செய்தால் குறைகிறது? ராத்திரி ஓய்வில் கூடுகிறதா, நடந்தால் வருகிறதா, நின்றால் வருகிறதா, காலைத் தொங்கப்போட்டால் குறைகிறதா, தூக்கி வைத்தால் குறைகிறதா.

இந்த மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொல்ல முடிந்தால் பாதிக் காரணங்கள் பட்டியலைவிட்டுப் போய்விடும்.

இரண்டு பாதமும் எரிந்தால்

உடம்பிலேயே மிக நீளமான நரம்பிழைகள் கீழ் முதுகிலிருந்து கால் கட்டைவிரல் வரை போகிறவைதான், ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். அந்த முழு நீளத்துக்கும் தேவையான சரக்கு, முதுகெலும்பை ஒட்டியுள்ள ஒரே ஒரு செல்லிலிருந்துதான் வர வேண்டும். உடம்பில் ஏதாவது குறை வந்தால் முதலில் பட்டினி கிடப்பது கடைக்கோடிதான். அதனால் எரிச்சல் விரல்களில் தொடங்கி, பாதம், கணுக்கால் என்று சாக்ஸ் போடும் அளவுக்கு மெதுவாக ஏறும். முழங்காலை நெருங்கும் சமயத்தில் கைவிரல் நுனியிலும் மதமதப்பு தொடங்கும், ஏனென்றால் நீளத்தில் அடுத்த வரிசையில் இருப்பது அந்த நரம்புகள்.

*சர்க்கரை*

நம் ஊரில் முதல் சந்தேகம் இதன்மேல்தான் இருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுக்க நடந்து 2023இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோயும், 13 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. கால் எரிச்சலைப் பொறுத்தவரை அந்த இரண்டாவது கூட்டத்தை மறந்துவிடக் கூடாது. சர்க்கரை நோய் என்று பெயர் வாங்குவதற்கு முன்பே மெல்லிய இழைகள் பழுதாகத் தொடங்கிவிடலாம்.

அதனால் "சுகர் நார்மல்" என்று யாராவது சொன்னால், எந்தச் சுகர் என்று கேளுங்கள். வெறும் வயிற்றில் எடுத்த ஒரு டெஸ்ட் மட்டும் போதாது. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 முதல் 199 வரை, மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை, இதில் எது இருந்தாலும் நீங்கள் வரப்பில் நிற்கிறீர்கள். வெறும் வயிற்றில் 95 இருந்து, குளுக்கோஸ் குடித்த பிறகு 180 காட்டுகிறவர்கள் உண்டு. ஒற்றை டெஸ்டை நம்பினால் அவர்களைத் தவறவிட்டுவிடுவோம். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் எச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டவும் வாய்ப்புண்டு, ஆகவே ரத்தசோகை இருக்கும் பெண்களுக்கு எச்பிஏ1சியோடு குளுக்கோஸ் டெஸ்டையும் சேர்த்தே பார்ப்பது நல்லது.

சர்க்கரைக்காரர்கள் சொல்லும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: நடந்துகொண்டே இருக்கும்போது செருப்பு கழன்று போகும், பத்தடி தள்ளிப் போன பிறகு பின்னால் வருகிறவர் கூப்பிட்டுச் சொன்னால்தான் தெரியும். மெல்லிய இழை மட்டுமில்லை, தடித்த இழையும் போய்விட்டது என்பதற்கு இது அடையாளம். பாதம் எரியவும் செய்யும், தொட்டால் தெரியவும் செய்யாது. இரண்டும் ஒரே காலில் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பதை நிறையப் பேர் நம்புவதில்லை.

சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் சரியாகுமா? டைப் 1 நோயாளிகளிடம் நடந்து 1993இல் முடிவு வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், கண்டிப்பான கட்டுப்பாடு நரம்புப் பாதிப்பை 60 சதவீதம் குறைத்தது. டைப் 2 நோயில், அதாவது நம்மில் பெரும்பாலானவர்களுக்கு வருகிற வகையில், பலன் அந்த அளவுக்கு இல்லை. அங்கே எடை, கொழுப்பு, ரத்த அழுத்தம், புகை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இன்னொன்றும் தெரிந்திருப்பது நல்லது. பல வருடம் கட்டுப்பாடில்லாமல் இருந்த சர்க்கரையை இன்சுலின் போட்டுச் சில வாரங்களிலேயே தடாலடியாக இறக்கினால், சிலருக்கு எரிச்சல் புதிதாகக் கிளம்பும், அல்லது பல மடங்கு கூடும். "மருந்து சேரவில்லை" என்று ஊசியை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்த வேண்டியதில்லை, டாக்டரிடம் சொல்ல வேண்டும். பெரும்பாலும் மாதக்கணக்கில் மெல்ல அடங்கிவிடும்.

*பி12*

நரம்பின் உறையைப் பராமரிக்க பி12 வேண்டும். இது இறைச்சி, மீன், முட்டை, பால் பொருட்களில்தான் இருக்கிறது. கீரையிலோ பருப்பிலோ கிடையாது. சுத்த சைவம், தயிரும் குறைவாகச் சேர்ப்பவர் என்றால் குறைவதற்கு நல்ல வாய்ப்பு. ஆனால் தினமும் கறி சாப்பிடுகிறவருக்கும் குறையலாம், உறிஞ்சுகிற இடத்தில் பழுது இருந்தால். வயதானவர்களுக்கு இரைப்பையின் உட்சுவர் மெலிந்துபோவது ஒரு காரணம். கேஸ் மாத்திரையை வருடக்கணக்கில் காலை வெறும் வயிற்றில் போடுவது இன்னொன்று. மூன்றாவது மெட்ஃபார்மின். சர்க்கரைக்கு முதலில் எழுதப்படும் இந்த நல்ல மருந்து, வருடங்கள் போகப் போக பி12 அளவைக் குறைக்கக்கூடியது. அதனால் சர்க்கரைக்காரருக்கு எரிச்சல் வந்தால் "சுகரால்தான்" என்று முடித்துவிடக் கூடாது, பி12 ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். முன்னதில் போன நரம்பைத் திரும்பப் பெறுவது கடினம், பின்னதைச் சீக்கிரம் பிடித்தால் சரிசெய்ய முடியும்.

ரத்தத்தில் பி12 200 பைக்கோகிராமுக்குக் கீழ் என்றால் குறைவு, 200 முதல் 300 வரை சந்தேகம். இங்கே நம் ஊரில் நடக்கும் ஒரு கோளாறு என்னவென்றால், டெஸ்ட் எடுப்பதற்கு முன்பே பி12 கலந்த மாத்திரையோ ஊசியோ போட்டுவிடுகிறார்கள். எரிச்சலை அடக்கும் ப்ரீகாபலினும் பி12இன் ஒரு வடிவமான மெத்தில்கோபாலமினும் சேர்ந்த மாத்திரை இங்கே சர்வசாதாரணமாக எழுதப்படுகிறது. அதற்குப் பிறகு டெஸ்ட் எடுத்தால் அளவு நன்றாகத்தான் காட்டும், உண்மையில் குறைவு இருந்ததா, எவ்வளவு காலம் மருந்து வேண்டும் என்பது தெரியாமலே போய்விடும். முதலில் ரத்தம் கொடுங்கள், அப்புறம் மாத்திரை.

பி12 குறைந்திருக்கும்போது ஃபோலிக் ஆசிட் மட்டும் போடுவது ஆபத்து. ரத்தசோகை சரியானது போலத் தெரியும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே இருக்கும்.

*அளவுக்கு மிஞ்சிய பி6*

வைட்டமின்தானே, கூடினால் என்ன என்று நினைக்கிறோம். பி6 விஷயத்தில் அது சரியில்லை. அதிக அளவில் நீண்ட காலம் எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுத்து எரிச்சலையும் மரத்துப்போதலையும் உண்டாக்கும். டாக்டர் ஒரு மாத்திரை, மெடிக்கலில் ஒன்று, வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கொடுத்த டப்பா ஒன்று என்று மூன்றிலும் பி6 இருக்கும். எரிச்சலுக்குத் தின்ற மாத்திரையே எரிச்சலைக் கூட்டுகிறதா என்பதை அட்டையைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். பைரிடாக்ஸின் என்று போட்டிருப்பதுதான் பி6.

ஆனால் காசநோய்க்கு ஐசோநியாசிட் சாப்பிடுகிறவர்களுக்கு நிலைமை நேர் எதிர். அந்த மருந்து பி6ஐக் குறைத்து எரிச்சல் தரும், அதனால் கூடவே சிறிய அளவில் பி6 கொடுக்கிறார்கள். அதை நிறுத்தவே கூடாது.

*பட்டினியும் மதுவும்*

ஊட்டச்சத்து ஆராய்ச்சியில் இந்தியாவின் பெரிய பெயர், சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். பாத எரிச்சல் நோயைப் பற்றி 1946இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. ஏழ்மையில் சத்தில்லாமல் சாப்பிட்டவர்களிடம் இந்த எரிச்சலைப் பார்த்தார், பி வைட்டமின்களில் ஒன்றான பாண்டோதினிக் அமிலம் கொடுத்தபோது குணம் தெரிந்ததாக எழுதினார். 1826இல் பர்மாவில் இதே தொல்லையை விவரித்தவர் க்ரியர்சன், அதனால் இரண்டு பேர் பெயரையும் சேர்த்து க்ரியர்சன்–கோபாலன் நோய் என்றார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய முகாம்களில் அடைபட்ட கைதிகளுக்கும் இதே எரிச்சல் வந்து, ராத்திரி முழுக்கத் தூங்க முடியாமல் தவித்தார்கள். அந்தக் காலத்துப் பஞ்சம் இப்போது இல்லை. ஆனால் தினமும் குடித்துவிட்டு ஒழுங்காகச் சாப்பிடாதவர்களிடம் அதே பி வைட்டமின் பற்றாக்குறை, குறிப்பாக தயமின் (பி1) குறைவு, இன்றும் இருக்கிறது. மது தனியாகவும் நரம்பைத் தாக்கும். இவர்களுக்கு வைட்டமின் கொடுப்பதோடு குடியையும் நிறுத்தினால்தான் பலன்.

மீதி காரணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிறுநீரகச் செயலிழப்பு, தைராய்டு குறைவு, எச்ஐவி, வின்கிறிஸ்டின், பேக்ளிடாக்ஸல், சிஸ்பிளாட்டின் போன்ற புற்றுநோய் மருந்துகள், நீண்ட நாள் எடுக்கும் லைனசோலிட் என்ற ஆன்டிபயாடிக், கண்ணும் வாயும் வறண்டுபோகச் செய்யும் ஷோக்ரன் நோய். தோலில் வெளிறிய திட்டு இருந்து அந்த இடத்தில் தொட்டால் தெரியாவிட்டால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். அது இன்னும் ஒழிந்துபோகவில்லை, மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம், சீக்கிரம் தொடங்கினால் ஊனமில்லாமல் குணமாகும்.

நரம்பு டெஸ்ட் நார்மல், ஆனாலும் எரிகிறது

காலில் ஒயரை ஒட்டி லேசாக ஷாக் கொடுத்து எடுக்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனை, தடித்த இழைகளை மட்டுமே அளக்கும். சூட்டையும் வலியையும் கடத்தும் மெல்லிய இழைகள் அதன் கணக்கிலேயே வராது. அவை மட்டும் கெட்டிருந்தால் டெஸ்ட் நார்மல் என்றுதான் வரும், முழங்காலில் சுத்தியால் தட்டினால் கால் ஒழுங்காக உதைக்கும், தசை பலம் சரியாக இருக்கும். பாதம் மட்டும் தீயாக எரியும். இதற்கு மெல்லிழை நரம்புப் பாதிப்பு என்று பெயர். இது மனப்பிரமை இல்லை.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கணுக்காலுக்கு 10 சென்டிமீட்டர் மேலே, 3 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோலை எடுத்து, நுண்ணோக்கியில் நரம்பிழைகளை எண்ணுவார்கள். பெரிய மருத்துவமனைகள் சிலவற்றில்தான் இந்த வசதி உண்டு. அது இல்லாவிட்டாலும் அனுபவமுள்ள நரம்பியல் மருத்துவர், ஊசிமுனையும் குளிர்ந்த உலோகமும் வைத்துப் பார்த்தே ஓரளவு முடிவுக்கு வருவார். பாதத்தில் ஊசி குத்துவது மழுங்கலாகத் தெரிந்து, முழங்காலுக்கு வரும்போது சுருக்கென்று தெரிந்தால் அது முக்கியமான தடயம். பெயர் வைத்துவிட்டு நிற்கக் கூடாது, மறுபடி சர்க்கரை, பி12, தைராய்டு, ஷோக்ரன் என்று காரணத்தைத் தேட வேண்டும். தேடியும் கணிசமான பேருக்குக் காரணம் கிடைப்பதில்லை. அப்போதும் எரிச்சலுக்கு வைத்தியம் செய்யலாம்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. முதுகு எம்ஆர்ஐ எடுத்தால் நாற்பது வயதைத் தாண்டிய பலருக்கு "டிஸ்க் பிதுங்கியிருக்கிறது" என்று வரும். வலியே இல்லாதவர்களுக்கும் வரும். இரண்டு பாதமும் விரலிலிருந்து எரிகிற ஒருவருக்கு அந்த ரிப்போர்ட்டைக் காட்டி முதுகில் ஆபரேஷன் என்றால், இன்னொரு டாக்டரிடம் கேட்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு காலில் மட்டும், அல்லது ஒரு திட்டாக

1. இடுப்பு அல்லது பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்பக்கமாகப் பாதம் வரை கோடு போட்டது போல இறங்கினால், இருமினால் தும்மினால் சுரீரென்றால், அது சயாட்டிகா. முதுகெலும்பின் கடைசி இரண்டு டிஸ்க்குகளில் ஒன்று நரம்பின் வேரை அழுத்தும்போது வருவது. பெரும்பாலானவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் ஆபரேஷன் இல்லாமலே குறைந்துவிடும்.

2. தொடையின் வெளிப்பக்கம், பேண்ட் பாக்கெட் இருக்கும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எரிந்து, துணி உரசினாலே வலித்தால், இடுப்போரத்தில் ஒரு தோல் நரம்பு நசுங்குகிறது. தொப்பைக்குக் கீழே இறுக்கிக் கட்டும் பெல்ட், இறுக்கமான ஜீன்ஸ், வேட்டி பெல்ட், கர்ப்பகாலம், திடீரென ஏறிய எடை ஆகியவை காரணம். இது வெறும் உணர்ச்சி நரம்பு, கால் பலம் போகாது. பெல்ட்டைத் தளர்த்துவதே பாதி வைத்தியம்.

3. உள்ளங்கால் மட்டும், அதிலும் நின்ற பிறகு எரிந்தால், கணுக்காலின் உள்பக்கக் குமிழுக்குக் கீழே நரம்பு நெருக்கப்படலாம்.

4. அக்கி வந்து கொப்புளம் ஆறிய இடத்தில் மூன்று மாதத்துக்கு மேலும் எரிந்தால் அது அக்கிக்குப் பிந்தைய நரம்பு வலி. ஐம்பது வயதுக்கு மேல் இதற்கு வாய்ப்பு அதிகம்.

5. எலும்பு முறிவு, சுளுக்கு, ஆபரேஷனுக்குப் பிறகு காயம் ஆறியும் கால் வீங்கி, நிறம் மாறி, வியர்த்து, அடிபட்ட அளவுக்குச் சம்பந்தமே இல்லாமல் எரிந்தால் தாமதிக்கக் கூடாது. காலை அசைக்காமல் பொத்திப் பொத்தி வைத்தால் இது முற்றும், சீக்கிரம் பிசியோதெரபி தொடங்குவதுதான் இதில் முக்கியம்.

ரத்தக் குழாய் காரணமாக வருவது

நடக்க ஆரம்பித்துக் கொஞ்ச தூரத்தில் கெண்டைக்கால் இறுகி எரிந்து, அப்படியே நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் போய்விட்டு, மறுபடி அதே தூரத்தில் வந்தால், காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி அடைத்திருக்கிறது. முதுகெலும்புக் கால்வாய் குறுகினாலும் நடக்கும்போது இப்படித்தான் வரும், ஆனால் சும்மா நின்றால் போகாது, உட்கார வேண்டும் அல்லது குனிய வேண்டும். தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்தபடி நடந்தால் ஒரு கிலோமீட்டரும் போவார்கள், சைக்கிளும் ஓட்டுவார்கள், நிமிர்ந்து ஐம்பதடி நடக்க முடியாது. இந்த ஒரு வித்தியாசத்தை டாக்டரிடம் சொன்னால் சரியான பக்கம் தேடுவார்.

தமனி அடைப்பு முற்றினால் படுத்திருக்கும்போதே முன்பாதம் எரியும். காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப்போட்டால் கொஞ்சம் ஆறும், ஏனென்றால் புவியீர்ப்பில் ரத்தம் இறங்குகிறது. இந்த நிலை அவசரம், கால் போகும் ஆபத்து இருக்கிறது. கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து 0.9க்குக் கீழ் வந்தால் அடைப்பு உறுதி. நீண்ட நாள் சர்க்கரை இருந்தால் குழாய் விறைத்துப்போய் இந்த எண் பொய்யாகக் கூடுதலாக வரலாம், அப்போது டாப்ளர் ஸ்கேன் வேண்டும்.

சர்க்கரையும் இல்லை, வயதும் நாற்பதுக்குள், ஆனால் பீடி சிகரெட் விடாமல் பிடிப்பவர், விரல்கள் நீலம் பாரித்து எரிகின்றன என்றால் அது பர்ஜர் நோயாக இருக்கலாம். நம் நாட்டில் பீடி பிடிக்கும் உழைப்பாளி ஆண்களிடம் பார்க்கப்படுவது. இதற்கு மாத்திரையைவிட பீடியை முற்றிலும் விடுவதுதான் வைத்தியம். குறைத்துக்கொள்கிறேன் என்பது உதவாது, ஒன்றிரண்டு பிடித்தாலும் விரல்கள் போய்க்கொண்டே இருக்கும்.

வேரிகோஸில் நிலைமை தலைகீழ். இங்கே கெட்டது ரத்தத்தை மேலே திருப்பி அனுப்பும் சிரை. மாலை ஆக ஆக கணுக்கால் வீங்கும், கனக்கும், எரியும், அரிக்கும், தூக்கி வைத்தால் குறையும். புடைத்துச் சுருண்டு தெரிவது ரத்தக் குழாய், நரம்பு மாத்திரை அதற்கு ஒன்றும் செய்யாது. ஜவுளிக்கடையில் காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பதரை வரை நின்றபடி புடவை விரித்துக் காட்டும் பெண்களின் கணுக்காலைப் பாருங்கள், தோல் கறுத்துத் தடித்திருக்கும். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018இல் சட்டம் செய்தது, தமிழ்நாடு 2021இல் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. சட்டத்தில் உள்ள ஸ்டூல் எல்லாக் கடைகளுக்கும் வந்து சேரவில்லை. வேலையிடத்தில் உட்கார இடம் கிடைக்காத ஒருவருக்குக் காலைத் தூக்கி வையுங்கள் என்று எழுதிக் கொடுப்பதில் என்ன பயன்? இதை மருத்துவப் பிரச்சினையாக மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை.

அழுத்தம் தரும் காலுறை வேரிகோஸுக்கு நல்லது. தமனி அடைப்பு இருப்பவர் அதைப் போட்டால் உள்ள ரத்த ஓட்டமும் நின்றுபோகலாம், ஆகவே பரிசோதிக்காமல் கடையில் வாங்கி மாட்டாதீர்கள்.

இன்னும் இரண்டு, அடிக்கடி தவறிப்போவது

பாதம் உண்மையிலேயே சிவந்து, தொட்டால் கொதித்து, வெயிலிலும் ஷூவிலும் தாங்க முடியாமல் போய், குளிர்ந்தால் அடங்குகிறதா? எரித்ரோமெலால்ஜியா என்ற அபூர்வ நோயாக இருக்கலாம். சிலருக்குப் பிறவி மரபணுக் கோளாறு, சிலருக்கு ரத்தத் தட்டணுக்களோ சிவப்பணுக்களோ அளவுக்கு மீறிப் பெருகியதன் முதல் அடையாளம். சாதாரண ரத்த எண்ணிக்கை டெஸ்டிலேயே துப்பு கிடைத்துவிடும்.

இன்னொன்று அபூர்வமே இல்லை. மாலையிலிருந்து காலுக்குள் ஏதோ ஊர்வது, எரிவது போல இருந்து, காலை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று தோன்றி, எழுந்து நடந்தால் உடனே போய்விடும். இது ஓயாக்கால் தொல்லை. இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு குறைந்திருப்பது முக்கியக் காரணம், ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும்கூட. அதிக ரத்தப்போக்கு உள்ள பெண்களும் கர்ப்பிணிகளும் இதைக் கேட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை

1. கால் எரிச்சலோடு சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போவது, இரண்டு காலும் பலமிழப்பது. முதுகில் நரம்புக் கொத்து நசுங்குகிறது, மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய விஷயம்.
2. ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கிச் சூடாகி வலிப்பது, முக்கியமாக ஆபரேஷனுக்கோ பிரசவத்துக்கோ நீண்ட பயணத்துக்கோ பிறகு. சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம், மூச்சுத்திணறலும் சேர்ந்தால் ஆம்புலன்ஸ்.
3. கால் திடீரென வெளுத்து, ஜில்லிட்டு, கடுமையாக வலிப்பது.
4. சில நாட்களுக்குள் எரிச்சலும் மரத்துப்போதலும் மேலே ஏறி, எழுந்து நிற்கவே முடியாமல் போவது.
5. சர்க்கரைக்காரர் பாதத்தில் புண், கறுப்பு, சீழ், நாற்றம்.

வைத்தியத்தில் என்ன எதிர்பார்க்கலாம்

காரணத்துக்கான மருந்து தனி, எரிச்சலுக்கான மருந்து தனி, இரண்டும் வேண்டும். எரிச்சலுக்கு முதலில் எழுதப்படுபவை அமிட்ரிப்டிலின், டுலாக்ஸடின், ப்ரீகாபலின், காபாபென்டின். முதல் இரண்டும் மனச்சோர்வுக்கும் தரப்படுபவை, மற்ற இரண்டும் வலிப்புக்கு. சீட்டை இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு "எனக்கு மனநோய் மாத்திரை கொடுத்துவிட்டார்" என்று நிறுத்திவிடுபவர்கள் அதிகம். இவை நரம்பின் தேவையற்ற சமிக்ஞையை அடக்குகின்றன, அதற்காகத்தான் தருகிறார்கள். குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள், பலன் தெரிய சில வாரம் ஆகும். எரிச்சல் பாதியாகக் குறைந்து தூக்கம் வந்தால் அது நல்ல பலன், முழுக்க மறைந்துபோவது சிலருக்குத்தான். புராஸ்டேட் வீக்கமோ கண் அழுத்தமோ இருந்தால் அமிட்ரிப்டிலினுக்கு முன் சொல்லிவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் ப்ரீகாபலின் அளவைக் குறைக்க வேண்டும். எதையும் திடீரென நிறுத்தாதீர்கள்.

வீட்டு வைத்தியத்தில் மருதாணி, விளக்கெண்ணெய், சாதாரணக் குளிர்ந்த தண்ணீர் இவற்றால் கொஞ்ச நேரம் இதமாக இருந்தால் செய்துகொள்ளலாம், நரம்பைச் சீராக்காது, அவ்வளவுதான். ஐஸ் தண்ணீரில் மணிக்கணக்கில் காலை வைப்பது தோலை அழுகவைக்கும். வெந்நீர் ஒத்தடமும் ஹீட்டிங் பேடும் சர்க்கரைக்காரர் காலுக்கு வேண்டவே வேண்டாம், சூடு தெரியாமல் வெந்துபோன பாதங்களோடு வருகிறவர்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு.

எரிச்சல் தானாக நின்றுவிட்டால்

மருந்து மாற்றவில்லை, சர்க்கரை குறையவில்லை, பி12 ஏறவில்லை, ஆனால் இரண்டு வருடமாக எரிந்த கால் சில மாதங்களாக எரியவில்லை. குணமாகிவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். பல நேரம் அது செய்தி அனுப்பிக்கொண்டிருந்த இழைகளே அழிந்துபோனதால் வருகிற அமைதி. அந்தப் பாதத்தில் முள் ஏறினாலும் தெரியாது, புண்ணாகி நாற்றம் வந்த பிறகுதான் தெரியும்.

அதனால் எரிச்சல் நின்றதும் ஒரு பரிசோதனை அவசியம். 10 கிராம் விசைக்கு வளையும் நைலான் இழையால் உள்ளங்காலில் சில இடங்களைத் தொட்டும், 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிக் கட்டைவிரல் எலும்பில் வைத்தும் பார்ப்பார்கள். மொத்தம் ஐந்து நிமிட வேலை. கண்ணை மூடிக்கொண்டு அதிர்வு எப்போது நின்றது என்று சொல்ல வேண்டும். கவை இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது என்று சொன்னாலோ, இழை தொட்டது தெரியாவிட்டாலோ, அன்றிலிருந்து ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கள், செருப்பை மாட்டும் முன் உள்ளே கைவிட்டுக் கல்லோ ஆணியோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். சித்திரை வைகாசி வெயிலில் மதியம் கோயில் கல்தளத்திலும் தார் ரோட்டிலும் வெறுங்காலோடு நடப்பதை விட்டுவிட்டு, விடிகாலையில் போய் வாருங்கள்.